சும்மா நிற்கும் கழுதைக்கு எந்தப் படிவம்?

செர்ராசெகா என்ற சின்ன ஊரில் விலங்கு மாண்பு அலுவலகம் திறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் அங்கே ஒரு புகார்கூட வரவில்லை. புகாரே இல்லாத வட்டாரம் என்று பாராட்டி மேலிடத்திலிருந்து இரண்டு முறை கேடயம் கொடுத்தார்கள். அதிகாரி தோன் லெயாந்த்ரோ அந்தக் கேடயங்களைத் துடைத்து வைத்துவிட்டுப் பத்தரை மணிக்குக் காபி குடிக்கப் போவார்; பன்னிரண்டுக்குத் திரும்புவார்; இரண்டு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த இடத்தில், அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, லீஸ்பெத் போய் நின்றாள்.

லீஸ்பெத் ஹாலந்துக்காரி. வயது அறுபத்தாறு. ஒலிவ மரங்களுக்கு நடுவே ஒரு வீட்டை வாங்கிக் கணவனோடு வந்து குடியேறியவள். கணவன் இரண்டே வருடத்தில், 'இந்த ஊரில் மழையே இல்லை' என்று அலுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டான். இவள் தங்கிவிட்டாள், வந்து ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ஊருக்கு அவள் தோன்யா லீசா; ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா, அது அங்கே மரியாதை. முன்பு சொந்த ஊர் நகராட்சியில் முப்பத்தொரு வருடம் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால், எழுதிக் கொடுத்தால் காரியம் நடக்கும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அது ஒரு கெட்ட பழக்கம் என்று இந்த ஊரில் யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்குக் கீழே, காய்ந்த ஓடைக்கு அந்தப் பக்கம், எவாரிஸ்தோவின் கரம்பு நிலம். பாதி சரிந்த கல்சுவர், பழைய கட்டில் கம்பிச்சட்டத்தை நிறுத்தி வைத்த கதவு. உள்ளே ஒரு கிழக்கழுதையும் ஒரு மட்டக்குதிரையும் நின்றன. கழுதையின் பெயர் மார்கேசா, அதாவது சீமாட்டி. சீமாட்டியின் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டிருந்தது. கயிறு தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. பல வருடமாக யாரும் வெட்டிவிடாத குளம்புகள் ஆட்டுக்கொம்பு மாதிரி முன்னால் நீண்டு மேலே சுருண்டிருந்தன. அதனால் அவள் குதிகாலில்தான் நின்றாள். ஓர் அடி எடுத்து வைக்க முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிக் குதிக்க வேண்டும். குதிப்பதற்கு முன்னால் நெடுநேரம் யோசிப்பாள்.

மட்டக்குதிரையின் பெயர் கரமேலோ. எவாரிஸ்தோவின் பேத்தி கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய நாளன்று, வெள்ளைக் கவுனில் குதிரைமேல் உட்கார்ந்து போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்காக வாங்கியது. போட்டோ நன்றாக வந்தது. பேத்தி பட்டணத்துக்குப் படிக்கப் போய் நாலு வருடம் ஆகிறது. குதிரை அன்று இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

லீஸ்பெத் எடுத்த எடுப்பில் அலுவலகத்துக்குப் போய்விடவில்லை. முதலில் பாருக்குப் போய் எவாரிஸ்தோவிடம் பேசினாள்.

"எவாரிஸ்தோ, அந்தக் கழுதையோட குளம்ப வெட்டிவிடணும். பாவம், அதால நடக்க முடியல."

"நடந்து எங்க போகப் போகுது தோன்யா லீசா? பாங்க்ல வேலையா பாக்குது?" என்றார் எவாரிஸ்தோ. பாரில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தளையையாவது அவுத்துவிடலாமே."

"அது எங்க மாமா கட்டினது. மாமா போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. செத்த மனுஷன் போட்ட முடிச்ச நான் ஏன் அவுக்கணும்?"

"நானே லாடக்காரரக் கூட்டிட்டு வரேன். செலவு என்னுது. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

எவாரிஸ்தோவின் முகம் சுண்டிப்போனது. "என் கழுதைக்கு ஹாலந்துக்காரி வந்து நகம் வெட்டிவிட்டான்னு ஊர் சிரிக்கணுமா? அந்த வேலையே வேணாம். உக்காருங்க, ஒரு கிளாஸ் வைன் சாப்பிடுங்க. என் கணக்கு."

கெட்ட மனிதர் இல்லை எவாரிஸ்தோ. லீஸ்பெத்தின் கூரை ஒழுகியபோது கூப்பிடாமலே வந்து ஓடு மாற்றிக் கொடுத்தவர். கழுதை விஷயத்தில் மட்டும் அவருக்குக் கண் தெரியாது. கல்சுவரைப் பார்ப்பதுபோலத்தான் அதையும் பார்ப்பார்.

ஆக, லீஸ்பெத் அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் கசில்தா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். புகார் என்று கேட்டதும் ஒரு விதை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"புகாரா? இங்கயா?"

"இங்கதானே கொடுக்கணும்?"

"இங்கதான். ஆனா யாரும் கொடுத்ததில்லையே. இருங்கம்மா, படிவம் எங்கயோ வச்சேன்." மூன்று இழுப்பறைகளைக் கவிழ்த்துப் போட்டு, நீலத்தில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றும் எடுத்து வந்தாள். "நீலம் வீட்டு விலங்கு, மஞ்சள் பண்ணை விலங்கு. கழுத வீட்டுக்குள்ள படுக்குமா?"

"இல்ல."

"அப்ப நீலம் இல்ல. மஞ்சள். என்ன வேல செய்யுது? உழுவுதா, இழுக்குதா, குட்டி போடுதா, இறைச்சிக்கா?"

"எதுவும் இல்ல. சும்மா நிக்குது."

கசில்தா படிவத்தை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தாள். பிறகு உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். "சும்மா நிக்கிறதுக்குக் கட்டம் இல்லையேம்மா. எதையாவது செய்யணும். யோசிச்சுப் பாருங்க. முதுகுல எதையாவது சுமக்குதா?"

லீஸ்பெத் யோசித்தாள். "மத்தியான வெயில்ல மட்டக்குதிர அது முதுகுல தலைய வச்சுக்கும்."

"அப்பச் சுமக்குது!" கசில்தா மகிழ்ந்துபோய், 'சுமத்தல்' என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு குறி போட்டாள்.

மட்டக்குதிரை விஷயத்தில் அதுவும் முடியவில்லை. போட்டோவுக்காக வாங்கியது என்று லீஸ்பெத் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். போட்டோ என்றால் கலை நிகழ்ச்சி விலங்கு. அது கலாசாரப் பிரிவுக்குப் போக வேண்டும். கலாசாரப் பிரிவு மாடியில். அங்கே ஆள் இல்லை, திருவிழா சமயத்தில் மட்டும் வருவார். ஒரே சுவருக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பிராணிகளில் ஒன்றுக்கு மட்டும் கோப்பு பிறந்தது. கோப்பு எண் ஒன்று.

கோப்போடு போட்டோ இணைக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் நிழல் விழக்கூடாது. லீஸ்பெத் இரண்டு நாள் முயன்று ஒரு நல்ல போட்டோ எடுத்தாள். காதிலிருந்து குளம்புவரை முழு உருவம். மார்கேசா அதில் நேராகக் கேமராவைப் பார்த்தாள். ஊரில் குடியிருப்பதற்கான சான்றிதழையும் கேட்டார்கள், லீஸ்பெத்துக்குத்தான். கழுதைக்கு வேண்டாமாம், அது உள்ளூர்.

"எப்ப வந்து பாப்பாங்க?"

"சீக்கிரமே வருவாங்கம்மா," என்றாள் கசில்தா. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அக்டோபர் போனது. நவம்பரில் ஒலிவ அறுவடை, அதனால் அலுவலகத்தில் பாதிப் பேர் இல்லை. லீஸ்பெத் தினமும் காலையில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு கட்டு வைக்கோலும் சுமந்துகொண்டு ஓடையைத் தாண்டிப் போனாள். முதல் வாரம் மார்கேசா அவளைப் பார்க்காத மாதிரி நின்றாள். இரண்டாவது வாரம் காதைத் திருப்பினாள். ஒரு மாதம் கழித்து, கட்டில் கதவு கிரீச்சிட்டதுமே அந்தக் கால்களைச் சேர்த்துத் தூக்கி, ஒரு குதி குதித்து, வலியில் நடுங்கி, இன்னொரு குதி குதித்து எதிரே வந்தாள். லீஸ்பெத் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். வராதே, வராதே என்று கழுதையிடம் டச்சில் சொன்னாள். மறுநாளிலிருந்து கதவைத் திறக்காமல் சுவர் ஏறிக் குதித்துப் போனாள், சத்தம் கேட்டால் அது குதித்து வந்துவிடுமே என்று.

டிசம்பர் பத்தாம் தேதி தோன் லெயாந்த்ரோ ஆய்வுக்கு வந்தார். ஒரு கார், ஓட்டுநர், அளவு நாடா பிடிக்க ஒருவர், எழுதிக்கொள்ளக் கசில்தா. அவர் போட்டிருந்தது புது மாட்டுத்தோல் ஷூ என்பதால் சாலையில் நின்றபடியே ஆய்வு செய்தார். எவாரிஸ்தோவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"விலங்கு நிற்கிறது," என்று தோன் லெயாந்த்ரோ சொல்ல, கசில்தா எழுதினாள். "வாளியில் தண்ணீர் உள்ளது. வைக்கோல் உள்ளது. ஆக, யாரோ பராமரிக்கிறார்கள். யாரது?"

"நான்தான் வைக்கிறேன்," என்றாள் லீஸ்பெத். "அவர் வைக்கிறதில்ல, அதனாலதான் நான்..."

தோன் லெயாந்த்ரோ கையை உயர்த்தினார். "போதும்மா. ரொம்பத் தெளிவாச் சொல்லிட்டீங்க. பதினாலாம் விதி என்ன சொல்லுது? எவர் கையால் விலங்கு உண்கிறதோ அவரே அதற்குப் பொறுப்பாளர். அப்ப இந்தக் கழுதையோட பொறுப்பாளர் நீங்க. குளம்பு இவ்வளவு மோசமா வளர்ந்து கிடக்கு. இதுக்கு உங்க பதில் என்ன?"

லீஸ்பெத் எவாரிஸ்தோவைப் பார்த்தாள்.

"என்ன ஏன் பாக்கறீங்க?" என்றார் எவாரிஸ்தோ. தொப்பியைக் கையில் சுழற்றினார். "அதிகாரி ஐயா, கழுத எங்க மாமாவோடது. மாமா இல்ல. குதிர பேத்தியோடது. அவ ஊர்ல இல்ல. என்னுதுன்னு நான் என்னைக்கு யார்கிட்டச் சொன்னேன்? இந்தம்மாதான் தங்கமாப் பாத்துக்கிறாங்க. ஊரே சொல்லும்."

"அதையும் எழுதிக்கோ கசில்தா. எவாரிஸ்தோ உரிமை கோரவில்லை."

எவாரிஸ்தோ அதில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு தோள் லேசான மாதிரி மூச்சுவிட்டார். இந்த நேரத்தில்தான் லீஸ்பெத்துக்கு ஒரு யோசனை வந்தது; அன்று வந்த ஒரே நல்ல யோசனை அது.

"சரி. நான்தான் பொறுப்பாளர். ஒத்துக்கிறேன். இப்பவே எழுதிக் கொடுக்கிறேன். அப்ப நாளைக்குக் காலையில லாடக்காரரக் கூட்டிட்டு வந்து குளம்ப வெட்டி, தளைய அவுத்து, ரெண்டையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

தோன் லெயாந்த்ரோ அதிர்ந்துபோனார். "அம்மா! உங்கமேல வழக்கு நடக்குது. குளம்புதான் சாட்சியம். குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியத்த வெட்டி எறியறேங்கறீங்களா? உங்க நாட்டுல அப்படியா?"

"தளை மட்டுமாவது..."

"தளை இரண்டாவது சாட்சியம்."

அளவு நாடாக்காரர் இறங்கிப் போய் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் நாடாவைச் சுவரைச் சுற்றிக் கட்டி, கட்டில் கதவில் அரக்கு முத்திரை வைத்தார். உள்ளே இருப்பது எதுவும் இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று ஓர் அட்டை தொங்கவிட்டார்கள். தண்ணீரும் வைக்கோலும் மட்டும் கொடுக்கலாம், அதுவும் சுவருக்கு வெளியிலிருந்தே நீட்ட வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டினி போட்டதாக இன்னொரு வழக்கு.

கார் கிளம்பும்போது தோன் லெயாந்த்ரோ கண்ணாடியை இறக்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மனசுல வச்சுக்காதீங்கம்மா. எனக்கு விலங்குன்னா உயிர். ஆனா ஒவ்வொரு விலங்குக்காகவும் விதிய வளைச்சா, கடைசியில விலங்குங்கதான் நல்லா இருக்கும். அலுவலகம் என்ன ஆகறது?"

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் லீஸ்பெத் சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். தளைக் கயிறு ஒரு விரல் பருமன்தான். ஒரு நிமிட வேலை. சுவர் அருகில் நின்று நாடாவைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், அட்டையை ஒரு முறை முழுக்கப் படித்தாள். மார்கேசா கழுத்தை நீட்டி அவள் மேல்கோட்டின் பையை முகர்ந்தாள். கேரட் இருக்கும் என்று நினைத்திருப்பாள். வாழ்நாள் முழுக்க ஒரு முத்திரையையும் உடைக்காத பெண் அவள். கத்தியை அந்தப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

ஜனவரி பதினேழு வனத்து அந்தோணியார் திருநாள். அன்று ஊரிலுள்ள விலங்குகளையெல்லாம் கோயில் வாசலுக்கு ஓட்டி வருவார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். கிளிக்கூண்டு, வேட்டை நாய், ரிப்பன் கட்டின ஆடு என்று சதுக்கம் நிரம்பியிருந்தது. நகராட்சி மாடியிலிருந்து ஒரு பெரிய போஸ்டர் தொங்கியது. போஸ்டரில் மார்கேசா.

லீஸ்பெத் எடுத்த போட்டோதான். இரண்டு காதும் தெரிந்தன, கண் திறந்திருந்தது, பின்னால் நிழல் இல்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பெரிய எழுத்தில், 'அவற்றின் மாண்பே நம் மாண்பு' என்று எழுதியிருந்தது.

தோன் லெயாந்த்ரோ மைக்கைப் பிடித்தார். "மக்களே! இந்தக் கண்களைப் பாருங்கள். இந்தப் பொறுமையைப் பாருங்கள். மூன்று மாதமாக இந்த விலங்கு எங்கள் அலுவலகத்தின் முழுப் பாதுகாப்பில் இருக்கிறது. யாரும் அதைத் தொட முடியாது. மருத்துவர்கூடத் தொட முடியாது! அவ்வளவு பாதுகாப்பு! இந்த ஒரு விலங்குக்காக இதுவரை நாற்பத்திரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறோம். தலைநகரில் எந்த விலங்குக்காவது நாற்பத்திரண்டு கடிதம் எழுதியிருக்கிறார்களா?"

கைதட்டல் அடங்கவே நேரம் ஆனது. சீல் வைத்த விலங்கைக் கோயிலுக்கு ஓட்டி வர முடியாது என்பதால், சாமியார் ஏணியில் நாலு படி ஏறிப் போஸ்டருக்குத் தீர்த்தம் தெளித்தார்.

"கால் எங்க?" என்று கத்தினாள் லீஸ்பெத். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "நான் எடுத்த போட்டோவுல கால் இருந்துச்சு. அதைக் காட்டத்தான் எடுத்தேன். கால் எங்க?"

தோன் லெயாந்த்ரோ பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, மாண்பு முகத்துல இருக்கு. காலையா போஸ்டர்ல போடுவாங்க?"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற எவாரிஸ்தோ அவள் கையில் ஒரு ரொட்டித்துண்டும் வறுத்த தொத்திறைச்சியும் திணித்தார். "சாப்பிடுங்க தோன்யா லீசா, வெறும் வயித்துல கோபப்படாதீங்க. பாருங்க, எங்க மாமா கழுத எவ்வளவு அழகா இருக்கு." அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. போஸ்டரில் பார்த்தபோதுதான் அந்தக் கழுதை அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

பிப்ரவரி நடுவில் மார்கேசா படுத்துவிட்டாள். ஒரு திங்கட்கிழமை காலை லீஸ்பெத் போனபோது பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். சுருண்ட குளம்புகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. கரமேலோ அவளுக்கும் காற்றுக்கும் நடுவில் நின்றது. லீஸ்பெத் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டாள்.

"சீல் வச்சதுதானே?" என்றார் மருத்துவர். "மன்னிச்சுக்கோங்கம்மா. தொட்டேன்னா என் உரிமம் போயிடும். அவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல ஓடி வரேன்."

அலுவலகத்துக்கு ஓடினாள். விலங்கு நிற்கிறது என்று கோப்பில் இருக்கிறது என்றாள் கசில்தா. படுத்திருக்கிறது என்று மாற்ற மறு ஆய்வு வேண்டும். மறு ஆய்வுக்குத் தோன் லெயாந்த்ரோ வர வேண்டும். அவர் தலைநகரில் இருக்கிறார்.

"எதுக்குப் போயிருக்கார்?"

கசில்தா தலையைக் குனிந்துகொண்டாள். "போஸ்டருக்குப் பரிசு கொடுக்கறாங்கம்மா. வியாழக்கிழமை வந்துடுவார்."

செவ்வாய்க்கிழமை லீஸ்பெத் நாடாவுக்கு அந்தப் பக்கம் போனாள். உடைக்கவில்லை, குனிந்து நுழைந்தாள். அன்று முழுக்க மார்கேசாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியைப் பிழிந்து வாயில் விட்டாள். காலில் புதைந்திருந்த கயிற்றை வெட்டினாள். இனி யார் என்ன வழக்குப் போட்டாலும் போடட்டும். கயிறு விழுந்ததும் மார்கேசா முன்னங்கால்களைப் பிரித்து நீட்டினாள். நீட்டியது ஒரே ஒரு முறைதான். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு உயிர் போனது.

செத்த கால்நடையை எடுக்கும் பிரிவுக்குப் போன் செய்தாள், அதுதான் முறை என்பதால். நாற்பது நிமிடத்தில் லாரி வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அரசாங்கம் ஓடி வந்தது அப்போதுதான். ஓட்டுநர் பருத்த உடம்புக்காரர். இறங்கியதும் தொப்பியைக் கழற்றினார்.

"கோப்பு இருக்கா, சீல் இருக்கா, எந்தப் படிவம்னு எதுவும் கேக்க மாட்டீங்களா?" என்றாள் லீஸ்பெத்.

"செத்ததுக்குக் கேக்க மாட்டோம்மா. உயிரோட இருந்தாத்தான் ஆயிரம் கேள்வி." சங்கிலியை இழுக்கப் போனவர், கரமேலோ கழுதையின் கழுத்தைப் பல்லால் மெல்ல இழுத்து எழுப்பப் பார்ப்பதைக் கண்டு நின்றுவிட்டார். சங்கிலியைக் கீழே போட்டார். "எஞ்சின் சூடாயிடுச்சுன்னு எழுதிக்கிறேன். அது பாக்கட்டும். ஒரு மணி நேரம் கழிச்சு எடுப்போம்." இரண்டு பேரும் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து மட்டக்குதிரை தானாகவே விலகிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது.

லாரி போனதும் லீஸ்பெத் கட்டில் கதவின் அரக்கை உடைத்தாள். கரமேலோவின் கழுத்தில் ஒரு கயிற்றைப் போட்டு வெளியே கூட்டிவந்தாள். பட்டப்பகலில், நடுத்தெரு வழியாக, பாரைத் தாண்டி நடந்தாள்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க தோன்யா லீசா?" என்று எவாரிஸ்தோ வாசலிலிருந்து கேட்டார்.

"திருடிட்டுப் போறேன்."

"சரி, பாத்துப் போங்க. மீன்கடை முக்குல தண்ணி ஊத்தி வச்சிருக்கான், வழுக்கும்."

அலுவலகத்து ஜன்னல் கம்பியில் குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே போனாள். "கசில்தா, எழுதிக்க. கழுத செத்துப் போச்சு. நான் முத்திரைய உடைச்சேன். சாட்சியத்த வெட்டினேன். குதிரையத் திருடினேன். எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறேன். என்னை உள்ள வைக்கிறதா இருந்தா வை."

கசில்தா எழுந்து வந்து அவளை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு கோப்பைப் பிரித்து நிதானமாகப் பார்த்தாள்.

"திருட்டுன்னா பறிகொடுத்தவர் வந்து எழுதிக் கொடுக்கணும்மா. எவாரிஸ்தோ என்னுது இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். பொறுப்பாளர் நீங்க. உங்ககிட்டருந்து நீங்களே திருடினதா எப்படி எழுதறது? குதிர நம்ம கோப்புலயே இல்ல. கழுத செத்துட்டதால சாட்சியம் இல்ல, சாட்சியம் இல்லாததால வழக்கு இல்ல. நீங்க வீட்டுக்குப் போகலாம்." ஜன்னல் வழியே கரமேலோவைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்காதீங்க. இத ஏம்மா முதல் நாளே செய்யல?"

"எத?"

"கூட்டிட்டுப் போறத. இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. பாக்கச் சகிக்கலன்னா ரெண்டு பேர் போய் அவுத்து ஓட்டிட்டு வந்துடுவாங்க. உடையவனும் தொல்ல விட்டுதுன்னு கேக்க மாட்டான். எங்க வீட்டுக் கழுதகூட அப்படி வந்ததுதான். அதனாலதான் இங்க புகாரே வராது. நீங்க பேசாம ஓட்டிட்டுப் போயிருந்தா எவாரிஸ்தோ ரெண்டு நாள் முறைச்சிருப்பார். மூணாம் நாள் வைன் வாங்கிக் கொடுத்திருப்பார். நீங்க எதுக்கு எழுதிக் கொடுத்தீங்கன்னுதான் எங்களுக்கெல்லாம் புரியல."

லீஸ்பெத் அக்டோபரிலிருந்து கணக்குப் போட்டாள். நூற்றிருபத்தாறு நாள். அத்தனை நாளும் மார்கேசா குதிகாலில் நின்றிருந்தாள், லீஸ்பெத் புகாரில் போட்ட ஒரு கையெழுத்துக்காக. கத்தி கோட்டுப் பையில் இருந்த அந்த நாளும் அதில் ஒன்று. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

"இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா," என்று கசில்தா ஒரு தாளை நீட்டினாள். "கோப்ப முடிக்கணும். விலங்கு இறந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அத நீங்கதான் நிரப்பணும், பொறுப்பாளர் இல்லையா?"

லீஸ்பெத் பேனாவை வாங்கி எழுதினாள். 'நான் அன்றே கயிற்றை வெட்டி வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இங்கே வந்து புகார் கொடுத்தேன்.'

கசில்தா தாளைத் திருப்பிப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கட்டத்துக்கு வெளியில போகுதேம்மா. மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. சுருக்கமா ஒரே வார்த்தையில எழுதுங்களேன்."

லீஸ்பெத் எழுதியதை அடித்துவிட்டு, 'புகார்' என்று எழுதினாள்.

"இது சரியா இருக்கு," என்று சொல்லிக் கசில்தா முத்திரை குத்தினாள்.